குளிரை எண்ணும் செடி: பிளாக்கரண்ட் நம் தோட்டத்தில் ஏன் காய்ப்பதில்லை?

மாணவர்களே, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கடைக்குப் போய் ஊதா நிறப் பானம் ஒரு போத்தல் வாங்கி வருவது நம்மில் பலருக்குப் பழக்கம். இனிப்பும் புளிப்பும் கலந்த அந்தப் பிளாக்கரண்ட் பானத்தை நம் பாட்டி காலத்திலிருந்தே குடித்து வருகிறோம். ஆனால் அந்தப் பழம் செடியில் தொங்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ரம்புத்தானையும் மங்குஸ்தீனையும் கொய்யாவையும் பக்கத்து வீட்டு வேலியிலேயே பார்க்கிறோம். பிளாக்கரண்ட் செடியை மட்டும் எந்த வேலியோரத்திலும் காண முடிவதில்லை.

நம் மண்ணில் விதை முளைக்காது என்பதோ தண்ணீர் போதாது என்பதோ இதற்குக் காரணம் அல்ல. இந்தச் செடிக்கு வேண்டிய ஒன்று நம்மிடம் இல்லை. அதுதான் குளிர்காலம். குளிரைத் தாங்கும் செடிகளை நாம் அறிவோம். பிளாக்கரண்ட்டோ குளிர் வந்தே ஆக வேண்டும் என்று காத்திருக்கும் செடி. ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தச் செடி வளரும் தோட்டத்துக்குப் போய் வருவோம்.

திராட்சையும் அல்ல, நெல்லியும் அல்ல

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேக்கில் போடும் சிறிய கறுப்பு உலர்திராட்சைக்கும் 'கரண்ட்' என்றுதான் பெயர். கிரேக்க நாட்டின் கொரிந்து நகரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. கொரிந்துத் திராட்சையைப் போலச் சிறிதாக இருந்ததால், வட ஐரோப்பாவின் இந்தப் புதர்ப் பழத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தாவரவியலில் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. பிளாக்கரண்ட்டின் அறிவியல் பெயர் 'ரைபீஸ் நைக்ரம்'. 'ரைபீனா' என்ற பானத்தின் பெயரும் இதிலிருந்து பிறந்ததுதான்.

ஆங்கிலேயர்கள் 'கூஸ்பெரி' என்று அழைக்கும் பழம் பிளாக்கரண்ட்டின் நெருங்கிய உறவு. நம் நெல்லிக்காயை 'இந்திய கூஸ்பெரி' என்று சொல்வதால், நெல்லியும் இதே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. நெல்லி வெப்பமண்டல மரம். அதன் குடும்பமே வேறு. பழத்தின் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் உறவைக் காட்டுவதில்லை என்பதற்கு இவை இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு.

ஓர் ஆங்கிலத் தோட்டத்தில் ஓராண்டு

பிரிட்டனில் பலர் தங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒன்றிரண்டு பிளாக்கரண்ட் புதர்களை வளர்க்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, செடி இலையுதிர்த்து உறங்கும் காலத்தில், மண் ஒட்டாத வெறும் வேருடன் கன்றுகளை வாங்கி நடுவார்கள். செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம்.

நடும்போது இரண்டு வேலைகள் செய்வார்கள். பார்ப்பவருக்கு இரண்டுமே தவறு போலத் தோன்றும். ஒன்று, முன்பு நாற்றங்காலில் இருந்த ஆழத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்தில் நடுவது. மிளகாய்க் கன்றை இப்படித் தண்டு புதைய நட்டால் அழுகிவிடுமோ என்று நாம் பயப்படுவோம். பிளாக்கரண்ட்டிலோ, மண்ணுக்குள் புதைந்த தண்டிலிருந்து புதிய கிளைகள் முளைத்து வரும். அது ஒற்றைத் தண்டில் நிற்கும் மரம் அல்ல, தரையிலிருந்தே பல கிளைகள் எழும் புதர்.

இரண்டாவது, நட்டவுடன் எல்லாக் கிளைகளையும் தரைக்கு மேல் ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுவது. காசு கொடுத்து வாங்கிய செடியை ஒரு சாண் கூட விடாமல் வெட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் வெட்டாமல் விட்டால், முதல் ஆண்டிலேயே செடி நாலைந்து பழங்களைக் காய்த்துக் களைத்துவிடும். வெட்டினால் அந்தச் சக்தி முழுதும் வேருக்கும் புதிய கிளைகளுக்கும் போகிறது. பழம் கிடைக்க ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பலனாகச் செடி பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் காய்க்கும்.

பிளாக்கரண்ட் பசி மிகுந்த செடி. அதிலும் நைட்ரஜன் அதிகம் வேண்டும். ஆண்டுதோறும் தொழு உரத்தையோ மக்கிய உரத்தையோ அடியில் பரப்பி மூடாக்கு இடுவார்கள். இதன் வேர்கள் மண்ணின் மேற்பரப்புக்கு அருகிலேயே பரவுவதால், மண்வெட்டியால் ஆழமாகக் கொத்திக் களை எடுக்கக் கூடாது. கையால்தான் பிடுங்க வேண்டும்.

ஏப்ரலில் சிறு மணிகள் போன்ற பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். வண்டும் தேனீயும் வந்து மகரந்தம் சேர்க்கும். ஒரே செடி தனியாக இருந்தாலும் காய்க்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழம் கறுத்துப் பழுக்கும். நன்கு வளர்ந்த ஒரு புதரிலிருந்து நான்கைந்து கிலோ பழம் கிடைக்கும். ஆனால் மனிதருக்கு முன்பே கரும்பறவைகள் வந்து அறுவடை செய்துவிடும். அதனால் பழம் நிறம் மாறும் முன்பே வலை போர்த்திவிடுவார்கள்.

அறுவடை முடிந்து இலையுதிர்ந்ததும் கவாத்து. நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தேயிலையில் கவாத்து கொழுந்துக்காக. பிளாக்கரண்ட்டில் அது பழத்துக்காக. முந்தைய ஆண்டு வளர்ந்த இளங்கிளையில்தான் அதிகப் பழம் பிடிக்கும். பழைய கிளைகள் கறுத்து முரடாக இருக்கும்; இளங்கிளைகள் வெளிர் பழுப்பாக இருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பழைய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டிவிட்டால், மறு ஆண்டு இளங்கிளைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய ஆரோக்கியமான இளங்கிளைகளையும் வீணாக்குவதில்லை. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் செருகி வைத்தால், நம் ஊர் மரவள்ளிக் குச்சி போல அவையே வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மற்ற மொட்டுகள் ஒல்லியாகக் கூர்மையாக இருக்க, சில மட்டும் உருண்டு பருத்து இருந்தால், அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன என்று பொருள். அவை மொட்டைக் கெடுப்பதோடு, செடியைக் காய்க்கவிடாமல் செய்யும் ஒரு வைரஸையும் பரப்புகின்றன. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். வைரஸ் தாக்கிய செடிக்கு மருந்து இல்லை. வேரோடு தோண்டி அகற்றுவதுதான் ஒரே வழி.

மொட்டுக்குள் இரண்டு பூட்டு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். குளிர் எதற்கு?

இலண்டனில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும், இலைகளில் உள்ள ஒளியுணர் நிறமிகள் அதை உணர்ந்துகொள்கின்றன. செடி வளர்ச்சியை நிறுத்துகிறது. அடுத்த ஆண்டுக்கான பூவின் தொடக்கத்தை மொட்டுக்குள் மிகச் சிறிதாக உருவாக்கி, அதைச் செதில்களால் மூடி, உறங்குநிலைக்குப் போகிறது.

இந்த உறக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெயில் பட்டவுடன் விழித்துக்கொள்ளும் செடியாக இருந்தால் என்ன ஆகும்? ஜனவரியில் நடுவே ஒரு வாரம் வெதுவெதுப்பாக இருப்பது ஐரோப்பாவில் நடக்கக் கூடியதுதான். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு விரிந்தால், அடுத்த வாரப் பனி பூ முழுவதையும் கருக்கிவிடும். அப்படி ஏமாந்த செடிகள் சந்ததி விட்டுச் செல்லவில்லை. ஏமாறாத செடிகளே மிஞ்சின.

ஏமாறாமல் இருக்க அந்தச் செடிகள் கண்ட வழி, மொட்டுக்கு இரண்டு பூட்டுப் போடுவது. முதல் பூட்டு நீண்ட குளிருக்கு மட்டுமே திறக்கும். இரண்டாவது பூட்டு வெப்பத்துக்குத் திறக்கும். முதல் பூட்டு திறக்காதவரை எவ்வளவு வெயில் அடித்தாலும் பயனில்லை.

அந்த முதல் பூட்டு எப்படிப்பட்டது? பிர்ச், பாப்லர் மரங்களில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. ஒரு தாவரச் செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் இடையே நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் வளர்ச்சிக்கான சைகைகள் போய்வருகின்றன. உறங்குநிலையில், காலோஸ் எனப்படும் மாவுப்பொருள் வகை அடைப்பு இந்த வாயில்களை மூடிவிடுகிறது. நீண்ட நாள் குளிர் பட்ட பிறகு, அந்த அடைப்பைக் கரைக்கும் நொதிகள் உருவாகி வாயிலைத் திறக்கின்றன. அதன் பின்னரே வெப்பம் சொல்லும் செய்தி மொட்டின் நுனிக்குப் போய்ச் சேர்கிறது.

எவ்வளவு குளிர் தேவை என்பதைத் தோட்டக்கலை அறிஞர்கள் மணிக் கணக்கில் சொல்கிறார்கள். பொதுவாக 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நேரத்தைக் கூட்டுவார்கள். பல பிளாக்கரண்ட் வகைகளுக்கு 1,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படுகிறது. 1,000 மணி என்றால், இரவு பகல் இடைவிடாமல் ஏறத்தாழ 42 நாட்கள் குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பது போன்றது!

குளிர் போதாவிட்டால் செடி உடனே செத்துவிடாது. மொட்டுகள் ஒரே நேரத்தில் விரியாமல், ஒன்று இன்று, ஒன்று அடுத்த வாரம் என்று தாறுமாறாக விரியும். பூ குறையும். பிடித்த பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது.

கேமரன் மலையில் முடியுமா?

"அப்படியானால் கேமரன் மலையில் நடலாமே, அங்கே ஸ்ட்ராபெரி விளைகிறதே!" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கேமரன் மலையில் இரவிலும் வெப்பநிலை சாதாரணமாக 14, 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. நமக்குக் குளிர்ச் சட்டை தேவைப்படும் அந்தக் குளிர், பிளாக்கரண்ட்டின் கணக்கில் பூஜ்ஜியம். சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள குளிரூட்டப்பட்ட மலர்க்கூடமும் 23 முதல் 25 டிகிரி வரைதான்.

பகல் நேரமும் நமக்கு உதவாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடம்கூட இல்லை. வட ஐரோப்பியச் செடிக்கு நம் பன்னிரண்டு மணி நேரப் பகல், முடிவில்லாத இலையுதிர்காலம் போலத் தெரியும். வளர வேண்டிய கோடை அதற்கு வருவதே இல்லை.

மனிதர்கள் சில மரங்களை ஏமாற்றியும் இருக்கிறார்கள். இந்தோனீசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள பத்து என்னும் மலையூரில் ஆப்பிள் விளைகிறது. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே இலையை இழப்பதால், மொட்டுகள் மீண்டும் விரிந்து பூக்கின்றன. ஆப்பிளில் பலித்த இந்த வித்தையால் பிளாக்கரண்ட்டை நம் பக்கத்தில் யாரும் வெற்றிப் பயிராக்கிவிடவில்லை.

ஆகவே இணையச் சந்தையில் 'வெப்பநாட்டுக்கு ஏற்ற பிளாக்கரண்ட் விதை' என்று அழகான படத்துடன் விற்பனைக்கு வந்தால், பணம் கட்டும் முன் இந்த இரண்டு பூட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மேலும், வெளிநாட்டிலிருந்து செடியையும் விதையையும் வரவழைக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விதிமுறைகள் உள்ளன. அந்த விதிகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. அதற்கும் பிளாக்கரண்ட்டின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் ஒரு துரு நோய்ப் பூஞ்சணம் ஐரோப்பாவிலிருந்து நாற்றுகளோடு வட அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டது. அந்தப் பூஞ்சணம் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பைன் மரத்திலும் மறு பகுதியைப் பிளாக்கரண்ட் போன்ற புதர்களிலும் கழிக்கிறது. பைன் காடுகளைக் காப்பாற்ற அமெரிக்கா பிளாக்கரண்ட் வளர்ப்பதையே தடை செய்தது. மத்திய அரசின் தடை 1966இல்தான் நீங்கியது. அதனால்தான் இன்றும் அமெரிக்கர்களில் பலர் இந்தப் பழத்தைச் சுவைத்ததில்லை.

போர்க்காலக் குழந்தைகளின் மருந்து

வட ஐரோப்பாவுக்கு இந்தச் சிறு பழம் ஏன் அவ்வளவு முக்கியம்? 100 கிராம் பிளாக்கரண்ட்டில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் ஏறத்தாழ 50தான். உங்கள் வயதினருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 65 முதல் 75 மில்லிகிராம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனுக்கு வந்த சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. ஆரஞ்சு வரத்து அருகிப்போனது. வைட்டமின் சி தொடர்ந்து கிடைக்காவிட்டால் ஈறில் இரத்தம் கசியும், காயம் ஆறாது. ஸ்கர்வி நோய் வரும். குளிர்நாட்டில் ஆரஞ்சு விளையாது. ஆனால் பிளாக்கரண்ட் விளையும். பிரிஸ்டல் நகருக்கு அருகில் இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தின் ஆய்விலிருந்து பிறந்து, 1938இல் விற்பனைக்கு வந்திருந்த பிளாக்கரண்ட் பாகு அப்போது கைகொடுத்தது. அரசு மக்களை அந்தப் பழத்தைப் பயிரிட ஊக்குவித்தது. விளைச்சலின் பெரும்பகுதி பாகாக்கப்பட்டுச் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. நம் வீட்டில் காய்ச்சலுக்கு வாங்கும் பானத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு மாணவிகளின் சோதனை

அந்தக் கதைக்கு 2004இல் ஒரு திருப்பம் வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 14 வயதுப் பள்ளி மாணவிகள் இருவர், அறிவியல் திட்டப்பணிக்காகப் பல பானங்களின் வைட்டமின் சி அளவைச் சோதித்தார்கள். விளம்பரத்தை நம்பி, ரைபீனாதான் முதலிடத்தில் வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் உடனே அருந்தும் வகைப் பானத்தில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது.

தாங்கள்தான் தவறு செய்துவிட்டோமோ என்று மீண்டும் சோதித்தார்கள். அதே முடிவு. அப்போது அந்தப் பானத்தின் உரிமையாளராக இருந்த கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டார்கள். சரியான பதில் கிடைக்கவில்லை. பிறகு விவகாரம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும், அங்கிருந்து அந்நாட்டின் வர்த்தக ஆணையத்துக்கும் போனது. 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இரண்டு லட்சம் நியூசிலாந்து டாலருக்கும் மேல் அபராதம் கட்டியது.

விளம்பரம் சொன்னது என்ன? பிளாக்கரண்ட் பழத்தில் ஆரஞ்சைவிட நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது என்று. பழத்தைப் பற்றி அது ஏறத்தாழ உண்மைதான். ஆனால் வாங்குபவர் குடிப்பது பழத்தை அல்ல, பானத்தை. வைட்டமின் சி வெப்பத்திலும் காற்றிலும் எளிதில் சிதையும். தண்ணீர் கலந்து, பல மாதம் போத்தலில் இருந்த பின் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தவர்கள் உங்கள் வயது மாணவிகள்!

நீங்களும் செய்து பாருங்கள்

அதே வகைச் சோதனையை வீட்டிலும் எளிதாகச் செய்யலாம். ஒரு தேக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்துப் பெரியவர் உதவியுடன் காய்ச்சி ஆறவையுங்கள். அதில் சிறிதளவை எடுத்துத் தண்ணீர் விட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் அயோடின் கரைசலை இரண்டு சொட்டு விட்டால் கருநீலமாகும். இதைச் சம அளவில் சில கண்ணாடிக் குவளைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொய்யாச் சாறு, இன்னொன்றில் ஆரஞ்சுச் சாறு, மற்றொன்றில் கடையில் வாங்கிய வெளிர் நிறப் பழச்சாறு என்று சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் சி அயோடினைச் செயலிழக்கச் செய்வதால் நீலம் மறையும். குறைந்த சொட்டில் நீலத்தை மறையச் செய்யும் சாற்றில்தான் வைட்டமின் சி அதிகம். சோதித்த எதையும் குடிக்காதீர்கள்.

பிளாக்கரண்ட் பானத்துக்கு இந்த முறை சரிவராது; அதன் சொந்த ஊதா நிறம் முடிவை மறைத்துவிடும். ஆனால் அந்த நிறத்தையே இன்னொரு சோதனைக்குப் பயன்படுத்தலாம். ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி அமிலத்தில் சிவப்பாகவும், காரத்தில் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகவும் மாறும். தண்ணீர் கலந்த பானத்தில் கொஞ்சம் சமையல் சோடாவும், இன்னொரு குவளையில் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பாருங்கள்.

சரி, தோட்டத்தில் என்ன நடலாம்? கொய்யாவை நடுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருப்பதாக உணவு அட்டவணைகள் காட்டுகின்றன. அது பிளாக்கரண்ட்டையே மிஞ்சும் அளவு. அதற்குக் குளிர் வேண்டாம், நம் வெயிலும் மழையும் போதும்.

பிளாக்கரண்ட்டுக்கோ அதன் சொந்த ஊரிலேயே சோதனை தொடங்கிவிட்டது. புவி வெப்பமடைவதால் பிரிட்டனின் குளிர்காலம் இளகி வருகிறது. முதல் பூட்டைத் திறக்கும் குளிர் சில ஆண்டுகளில் போதாமல் போகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகில் உள்ள ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வுக் கழகத்தில், குறைந்த குளிரிலும் காய்க்கும் வகைகளை அறிஞர்கள் உருவாக்கி வருகிறார்கள். பென் லோமண்ட் போன்று அங்கு பிறந்த வகைகள் பலவற்றுக்கு ஸ்காட்லாந்தின் மலைப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. குளிரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தவறாமல் எண்ணி வந்த செடிக்கு, இப்போது எண்ணுவதற்குக் குளிர் குறைகிறது. அடுத்த முறை அந்த ஊதாப் பானத்தைக் கையில் எடுக்கும்போது, அதன் பின்னால் ஒரு குளிர்காலம் முழுவதும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.